ஆட்சேபம் இல்லாமல் இல்லை

அன்பும் கொஞ்சம் பயமும் கலந்து வணங்கும் அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சௌக்கியம். இந்தச் சொல்லை இவ்வளவு தைரியமாக எழுத முடிவதே போன செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்குப் பிறகுதான். அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது? என் முழங்காலும் வலிக்கிறது. அதற்குக் காரணம் வயதல்ல. வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை நகராட்சி அலுவலகக் கூட்ட அறையில், தெருவே திரண்டு உட்கார்ந்திருக்க, நான் மேசைக்கு அடியில் பத்து நிமிடம் மண்டியிட்டுக் கிடந்தேன். பேனா விழுந்துவிட்டது, தேடுகிறேன் என்று சொன்னேன். பேனா சட்டைப் பையில் இருந்தது. மூடி பளபளவென்று எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது.

சங்கதி இதுதான். எங்கள் வீட்டுக்குச் சுவரோடு சுவர் ஒட்டிய தெருமுனைக் கட்டடம் இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறதல்லவா, அதை ஒருவர் உணவகமாக்க வந்திருக்கிறார். பதினெட்டு வருஷம் சரக்குக் கப்பலில் சமைத்தவர், அதனால் தெருவில் அவர் பெயர் கப்பல். வெறும் சாப்பாட்டுக் கடை என்றால் ஒருவரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள், சாப்பிடத் தவிர. ஆனால் சாப்பாட்டோடு பீரும் ஒயினும் பரிமாற உரிமம் கேட்டிருப்பதாகக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். உரிமம் கிடைத்தால்தான் கட்டடக்காரர் முழுச் சாவியையும் தருவாராம், அதுவரை பின்பக்கச் சமையலறைச் சாவி மட்டும்தான். உரிமம் இல்லாவிட்டால் மனிதர் மறுபடி கப்பல் ஏற வேண்டியதுதான். ஒட்டிய பசை காய்வதற்குள் தெரு இரண்டு கட்சியாகிவிட்டது. வேண்டாம் கட்சிக்குத் தலைவி யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. "குடிச்சிட்டு வெளிய வர்றவன் முதல்ல உட்காரப்போறது நம்ம வாசப்படியிலதான்" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எப்போதும் இருக்கும், எங்கள் தாம்பத்தியத்தின் சிக்கலே அதுதான். வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தாள். பல் டாக்டர் மட்டும் கொஞ்சம் தயங்கினாராம். தடுக்கி விழுகிறவர்களுக்கு எது உடையும் என்று மனிதர் யோசித்திருப்பார்.

எதிர்ப்பு மனுவை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒரு வாரப் பத்திரிகை என் துணுக்குகள் நான்கைந்தைப் போட்ட பாவத்துக்கு, வாடகை ஒப்பந்தம் முதல் வருத்தக் கடிதம் வரை தெருவில் எல்லாவற்றையும் நானே எழுதுகிறேன். சரி என்று பேனாவை எடுத்தபோது பின்வாசல் பக்கம் கப்பல் நின்றார். "சார், நீங்க நல்லா எழுதுவீங்களாமே, என் தரப்பையும் ரெண்டு வரி எழுதிக் குடுங்க" என்றார். நான் எந்தக் கட்சி, யார் வீட்டுக்காரன் என்று விளக்கப் போனேன். அதற்குள் அவர் என்னை அந்தப் பூட்டிய கட்டடத்தின் சமையலறைக்குக் கூட்டிப்போய், ஒரு கிண்ணத்தில் மீன் சூப்பை ஊற்றி முன்னால் வைத்துவிட்டார். அக்கா, நான் சாதாரண மனிதன். முதல் கரண்டியில் நடுநிலைமைக்கு வந்தேன், கிண்ணம் காலியானபோது அவர் கட்சியில் இருந்தேன். மேசையைத் துடைத்துவிட்டு அங்கேயே அவருக்கு ஆதரவுக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். "விளக்கு வைக்கும் வேளையில் எங்கள் தெருமுனையை ஒரு முறை பார்த்தவர் மறக்கமாட்டார்" என்று தொடங்கி, அது எவ்வளவு இருண்டு கிடக்கிறது, ஒரு கடை வந்தால் எவ்வளவு வெளிச்சம் என்று முடித்தேன். நல்ல வாக்கியம், விட மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்து எதிர்ப்பு மனுவையும் அதே வாக்கியத்தில்தான் தொடங்கினேன். இந்த மனுவில் தெருமுனை அமைதியின் இருப்பிடமாகிவிட்டது.

ஆனால் சூப் குடித்த வாய் இருக்கிறதே, அது கையைப் பிடித்து இழுத்தது. "உரிமம் தரக் கூடாது" என்று நேராக எழுத வரவில்லை. சுற்றி வளைத்தேன். "சத்தம் வரும், வாசலில் கூட்டம் நிற்கும், படியில் ஆள் உட்காரும் என்பதையெல்லாம் நாங்கள் அறியாதவர்கள் அல்லர். உரிமம் வழங்குவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லாமல் இல்லை." எதிர்த்த மாதிரியும் ஆயிற்று, கடிக்காத மாதிரியும் ஆயிற்று என்று நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். வீட்டுக்காரி அதை டைப்பிங் சென்டரில் கொடுத்து அச்செடுத்து, அறுபத்தோரு கையெழுத்து வாங்கிவிட்டாள். அவ்வளவு பேரில் ஒருவர்கூட மனுவைப் படிக்கவில்லை. கையெழுத்துப் போட்ட நானும் படிக்கவில்லை. நான் எழுதியதுதானே என்ற இறுமாப்பு.

செவ்வாய்க்கிழமை விசாரணை. அதிகாரி ஒரு அம்மா, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசையில் தேடுகிறவர். முதலில் கப்பலின் கடிதத்தை உரக்கப் படித்தார். விளக்கு வைக்கும் வேளை வந்தது. என் பக்கத்தில் வீட்டுக்காரி கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அடுத்து எங்கள் மனுவை எடுத்தார். மறுபடி விளக்கு வைக்கும் வேளை. அதிகாரி நிறுத்தி, "ரெண்டும் ஒரே மாதிரி ஆரம்பிக்குதே?" என்றார். அறுபது தலையும் ஒரே எழுத்தாளனை நோக்கித் திரும்பின. இருபத்தாறு வருஷக் குடித்தனம் ஒரு கிண்ணம் சூப்பில் முழுகப் போகிறது என்று தெரிந்த அந்த நொடியில்தான் என் பேனா விழுந்தது.

மேசைக்கு அடியிலிருந்து பார்த்தால் மனிதர்களின் மனசு காலில் தெரிகிறது. பல் டாக்டரின் கால் ஆடிக்கொண்டிருந்தது. கப்பல் ஒரு காலை இன்னொரு காலால் மிதித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரியின் செருப்பு மட்டும் அசையவில்லை. மேலே அதிகாரி படித்துக்கொண்டே போனார், சத்தம், கூட்டம், படி எல்லாம் வந்தது, பிறகு தெளிவாக, "உரிமம் வழங்குவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை" என்றார். காதில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று நினைத்தேன். அவர் இன்னொரு முறை படித்தார். ஆட்சேபம் இல்லை. என் "இல்லாமல்" இல்லாமல் போயிருந்தது. டைப்பிங் சென்டர் பெண் ஒரே சொல் இரண்டு முறை விழுந்துவிட்டது என்று ஒன்றைத் தட்டிவிட்டிருப்பாள் என்று அங்கேயே புரிந்துவிட்டது.

"இவ்வளவு கஷ்டம் தெரிஞ்சும் சம்மதிச்சிருக்கீங்களே, பெரிய மனசு" என்றார் அதிகாரி. அதோடு விடவில்லை. இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி, முதல் வரிகூட ஒன்றாக வரும்படி எழுதியிருக்கிறீர்கள், மற்ற தெருக்காரர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். பின்வரிசையில் யாரோ "அது வந்து மேடம்" என்று எழுந்தார்கள். அதற்குள் என் வீட்டுக்காரி எழுந்துவிட்டாள். "அறுபத்தோரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கோம். போட்டது போட்டதுதான்" என்றாள். படிக்காமல் போட்டேன் என்று ஒப்புக்கொள்ள அந்த அறையில் யாருக்குத் தைரியம்? எல்லோரும் உட்கார்ந்தார்கள். பத்து மணிக்கு மேல் பரிமாறக் கூடாது, எங்கள் படிப் பக்கம் கதவு வைக்கக் கூடாது, வெளியே நின்று குடிக்கக் கூடாது என்று மூன்று நிபந்தனையோடு உரிமம் தந்துவிட்டார்கள். கப்பல் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். வெளியே வந்தபோதும் துண்டை எடுக்கவில்லை, படியில் தடுக்கப் பார்த்தார். பல் டாக்டர்தான் கையைப் பிடித்தார்.

வீடு வரும்வரை என்னவள் எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள். கதவைத் திறந்தபிறகு, "பேனா கிடைச்சுதா?" என்று மட்டும் கேட்டாள். கிடைத்தது என்றேன். அவ்வளவுதான் அக்கா, நான் பிழைத்தேன். யாரோ ஒரு பெண் அவசரத்தில் ஒரு சொல்லைத் தட்டிவிட்டதால் ஒரு மனிதருக்குக் கடை, எனக்குக் குடும்பம், தெருவுக்கு நல்ல பெயர். அந்தப் பெண்ணுக்கு வாயார நன்றி சொல்லக்கூட வழியில்லை, சொன்னால் குட்டு வெளியாகிவிடும்.

அத்தானுக்கு என் நமஸ்காரம், முழங்காலுக்கு ஓய்வு. பிள்ளைகளுக்கு என் ஆசிகள், அவற்றை அவர்கள் எதற்கும் நம்பியிருக்க வேண்டாம். நீ நூறு வருஷம் இருந்து என்னைத் திட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டப் பசை கேட்டேன். எடுத்துக் கொடுத்துவிட்டு என் வீட்டுக்காரி சொன்னாள்: "டைப்பிங் சென்டர் பொண்ணு மேல பழி போட்டு எழுதியிருந்தா அந்த வரியை அடிச்சிடுங்க. அந்த வார்த்தையை எடுக்கச் சொன்னது நான்தான். அந்த ஆளோட சண்டை போடத்தான் போனேன், உட்கார வெச்சு சூப் ஊத்திட்டார். தலைவியா இருந்துக்கிட்டு நான் எப்படிக் கட்சி மாறுறது?" என்றைக்குப் போனாய் என்று கேட்டேன். எனக்கு இரண்டு நாள் முந்தியாம்.