செம்பு விலையை ஏற்றி எழுதும் மாப்பிள்ளைக்கு

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் நலம் என்பதைத் தினமும் உங்கள் பேப்பரின் ஏழாம் பக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். செம்பு விலையை இவ்வளவு தெம்பாக ஏற்றி எழுதுகிறவருக்கு உடம்புக்கு என்ன வந்துவிடப் போகிறது.

பெண்ணைக் கொடுத்த இடத்தில் குரலை உயர்த்தக் கூடாது என்று ஐந்து வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது. திங்கட்கிழமை மாவு மில்காரர் புகைந்துபோன மோட்டாரைப் பட்டறையில் கொண்டுவந்து இறக்கினார், புதுச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டித் தரச் சொன்னார். இருபது வருட வாடிக்கை. அன்றைய பேப்பரைப் பார்த்து வாயால் ஒரு தொகை சொன்னேன். சொன்னால் சொன்னதுதான், எழுதிக் கொடுக்கும் பழக்கமே என் பட்டறையில் கிடையாது. செவ்வாய் முழுக்கக் கருகிய கம்பியை வெட்டி உருவிவிட்டு, புதன்கிழமை கம்பிக் கடைக்குப் போனால் விலை எங்கேயோ போய்விட்டது. "என்னங்க, ரெண்டு நாள்ல இப்படியா?" என்றேன். கடைக்காரர் உங்கள் பேப்பரை மடித்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். "நான் என்ன பண்றது? பேப்பர்ல போட்டுட்டாங்களே." போட்டது யார்? என் மாப்பிள்ளை.

அங்கிருந்தே போன் செய்தேன். "மாமா, நான் விலை வைக்கிறதில்ல, வந்த விலையத்தான் எழுதறேன்" என்றீர்கள். கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ சுரங்கத்தில் வேலைநிறுத்தமாம். அவர்கள் கூலி கேட்பது நியாயம்தான், கேட்கட்டும். ஆனால் நான் வாங்கப் போன கம்பி அதற்கு முன்பே மண்ணிலிருந்து வந்து, உருகி, கம்பியாகி, கடைக்காரர் அலமாரியில் தூசி படிந்து உட்கார்ந்திருக்கிறதே, அதற்கு ஏன் விலை ஏற வேண்டும்? "அது வித்துப்போனா மறுபடி புது விலைக்குத்தானே அவர் வாங்கணும்" என்றீர்கள். கிடங்குகளில் இருப்பு குறைந்துவிட்டதாம், மின்சார வண்டி செய்கிறவர்கள் செம்பை அள்ளிக்கொண்டு போகிறார்களாம், டாலர் அசைந்தால் செம்பும் அசையுமாம். போதாதென்று, செம்பைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள் நாளைக்கு விலை ஏறும் என்று நினைத்து இன்றைக்கே வாங்கிப்போடுகிறார்களாம், அதனாலேயே ஏறுகிறதாம். நினைத்தால் ஏறிவிடுமா? முப்பது வருடமாக என் கூலி ஏறும் என்று நானும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நேற்று மில்காரர் வந்தார். "கொஞ்சம் கூட ஆகும்" என்று இழுத்தேன். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "இத்தனை வருஷத்துல நீங்க இப்படிச் சொன்னதே இல்லையே" என்று மட்டும் சொன்னார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. "சொன்ன விலைக்கே தர்றேன், அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். கம்பி வாங்கக் கையில் பணம் இல்லை. உங்கள் அத்தைதான் வழி சொன்னாள்: "மாப்பிள்ளைய ரெண்டு நாளைக்குக் குறைச்சுப் போடச் சொல்லுங்களேன், அவர் என்ன நமக்கு அந்நியரா?" ஆகவே இந்தக் கடிதம் கண்டவுடன் குறைத்து எழுதவும். யாராவது கேட்டால் அச்சுப்பிழை என்று மறுநாள் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

நீங்களும் என் மகளும் நோய்நொடியின்றி, இறங்கிய விலைபோல மனம் இறங்கி, நெடுநாள் வாழ வேண்டும் என்று வாழ்த்தும் மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் அத்தை பட்டறைப் பரணிலிருந்து நான்கு மூட்டைகளை இறக்கினாள். எல்லாம் பழைய மோட்டார்களில் உருவிய, மறுபடி சுற்ற உதவாத செம்புக் கம்பி. விலை ஏறும் என்று நினைத்து நான்தான் போட்டு வைத்தேனாம், எனக்கு மறந்தே போயிற்று. அது வேறு விஷயம். பழைய சாமான் கடைக்காரரும் உங்கள் ஏழாம் பக்கத்தைப் பார்த்துத்தான் விலை சொல்வாராம். ஆகையால் மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். செவ்வாய்க்கிழமை வரை தைரியமாக ஏற்றி எழுதுங்கள். அன்று மூட்டைகளை எடை போட்டுவிடுவேன். புதன்கிழமை காலை நான் கம்பிக் கடைக்குப் போவதற்குள் இறக்கிவிட்டால் போதும்.