நீர் மாத்திரையும் உங்கள் அக்காவும்

அன்புள்ள மைத்துனருக்கு,

அநேக ஆசிகள். அங்கே அனைவரும் நலம்தானே? இங்கே நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இதைத் தனியாக இருக்கும்போது படிக்கவும்.

ஆலை வாசலில் இருபத்தெட்டு வருஷம் காவலாளியாக நின்று, எல்லார் சாப்பாட்டு டப்பாவையும் திறந்து பார்த்தவன் நான். இப்போது சொந்த வீட்டிலேயே சோதனை போடும்படி ஆகிவிட்டது. கால் வீங்கியிருக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று போன மாதம் உங்கள் அக்கா என்னை டாக்டரிடம் இழுத்துப் போனாள். மாடி ஏறினால் யாருக்குத்தான் மூச்சு வாங்காது? அவர் கணுக்காலை அழுத்தினார், குழி விழுந்தது, உடனே சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் நீர் மாத்திரை எழுதிவிட்டார். கூட வந்த தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். நாக்கு வறட்சி, தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு என்று அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாம் நாளே மூன்றும் வந்தன. எழுந்தால் சுவர் சுற்றுகிறது. "மெதுவா எந்திரிங்க" என்கிறாள். சுற்றுகிறது என்று நான் சொல்லவே இல்லை. இவளுக்கு எப்படித் தெரியும்?

அதனால் போன புதன் முதல் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி, அவள் திரும்பியதும் பூந்தொட்டியில் புதைத்துவிடுகிறேன். விஷயம் இனிமேல்தான். மாத்திரை நின்றும் கழிப்பறைக்கு நடை நிற்கவில்லை. நேற்றுக் காலையில் மட்டும் ஏழு தடவை. அப்படியானால் வேறு வழியாக ஏதோ உள்ளே வருகிறது. காபி கசக்கிறது. கேட்டால், "புதுத் தூள், அப்படித்தான் இருக்கும்" என்று முகத்தைப் பார்க்காமல் சொல்கிறாள். டம்ளரை மாற்றி வைத்தேன். "உங்களது இது" என்று திருப்பி நகர்த்தினாள். போதாததற்குத் தினம் ஒரு வாழைப்பழம், அதுவும் உரித்து. முப்பத்தாறு வருஷத்தில் இல்லாத உபசாரம். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், பயமாக இருக்கிறது. நீங்கள் நேரில் வந்து கேட்டால்தான் உண்டு.

உறையை நாலு பக்கமும் பசை போட்டு ஒட்டி, நானே தபாலில் சேர்ப்பேன். உங்கள் வீட்டில் கேட்டதாகச் சொல்லவும். பிள்ளைகள் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
இன்றுவரை உயிரோடிருக்கும்
உங்கள் அக்கா வீட்டுக்காரர்

பி.கு.: தம்பி, அக்கா எழுதறேன். பசை தடவறப்பவே எழுந்து போயிட்டார், வர அஞ்சு நிமிஷம் ஆகும். செடிக்குத் தண்ணி ஊத்தறப்போ முதல் நாளே மாத்திரையைப் பார்த்துட்டேன். டாக்டர்கிட்ட கேட்டுத்தான் காபியில பொடிச்சுப் போடறேன். இப்ப அவர் புதைக்கறது என்னோட சத்து மாத்திரை. வாழைப்பழமும் கால் பிடிப்புக்கு டாக்டர் சொன்னதுதான். வியாழக்கிழமை ரத்தம் எடுக்கணும், அதுக்கு மட்டும் ஏதாவது பொய் சொல்லி நீ கூட்டிட்டுப் போ. நேத்து மூச்சு வாங்காமப் படுத்துத் தூங்கினார். பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். என்னைச் சந்தேகப்படட்டும்டா. சந்தேகப்படறதுக்கு மனுஷன் இருக்கணுமில்ல.