விறகுக் கட்டோடு வந்த ஜாம்பியா ஐயர்

ஆப்பிரிக்காவுக்கு ஊழியம் செய்யப் போய் அங்குள்ளவர்களை மனம் மாற்றியவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். போன இடத்தில் தானே அடியோடு மாறி, அந்த மாற்றத்தை மைசூர் வரைக்கும் கொண்டுவந்து எங்களைக் கதிகலங்க வைத்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் ஜாம்பியா ஐயர்.

எங்கள் தமிழ்ச் சபையில் போதகரை ஐயர் என்றுதான் அழைப்போம். இவர் ஜாம்பியாவில் பஸ் போகாத ஒரு கிராமத்தில் பல வருஷம் மிஷனரியாக இருந்துவிட்டு எங்களுக்குப் போதகராக வந்தார். வந்ததுமே அதிர்ச்சி ஆரம்பம். வீடு சந்திக்க வந்தால் காலிங் பெல்லைத் தொட மாட்டார். கேட்டுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் குவித்து மெதுவாகத் தட்டுவார். அந்த ஊரில் அதுதான் மரியாதையாம். யாரோ புறா விரட்டுகிறார்கள் என்று நினைத்து என் மனைவி வெகுநேரம் கதவையே திறக்கவில்லை.

அடுத்து காணிக்கை. "அங்க எல்லாரும் ஆடிக்கிட்டே வந்துதான் போடுவாங்க. ஆண்டவருக்குக் குடுக்கறப்ப மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, அங்கியோடு இறங்கிவந்து இடுப்பை ஆட்டியே காட்டிவிட்டார். பாடகர் குழுவில் நின்ற எனக்கு சுருதியும் போனது, மூக்குக் கண்ணாடியும் விழுந்தது.

சபை செக்ரட்டரி ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். கொதித்துப் போனார்.

"இது சர்ச்சா, தசரா ஊர்வலமா? வர்ற கமிட்டியில இவர மாத்தச் சொல்லித் தீர்மானம் போட்டுடலாம். ஒண்ணு அவரு, இல்ல நானு!"

கமிட்டியில் அவர் வைத்ததுதான் சட்டம். ஐயருக்குச் சீட்டு கிழிந்தது என்று நாங்கள் முடிவே கட்டிவிட்டோம்.

கமிட்டி கூடுவதற்குள் செக்ரட்டரியின் மனைவி ஹார்ட் அட்டாக்கில் இறந்துபோனார். அபார்ட்மென்ட்டில் மாலையும் கையுமாக நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது லிஃப்ட் திறந்தது. உள்ளே ஐயர். தோளில் ஒரு கட்டு விறகு.

அடக்கம் பண்ணுகிற வீட்டுக்கு விறகா! பின்னாலேயே ஓடிவந்த வாட்ச்மேன், "ஸ்வாமி, இல்லி எல்லாரிகூ கேஸ் இதெ!" என்று கன்னடத்தில் கெஞ்சினார். இங்கே எல்லார் வீட்டிலும் கேஸ் அடுப்பு இருக்கிறதாம். இறந்தவரின் தம்பி ஐயரின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"எங்க அக்காவ எரிக்கவாய்யா வந்திருக்கே?"

ஐயர் திருதிருவென்று விழித்தார். "ஐயோ, இல்லீங்க! அங்க சாவு வீட்டுக்கு ஆளுக்கொரு கட்டு கொண்டு போவோம். துணைக்குத் தங்கறவங்களுக்குக் கஞ்சி வெக்கணும்ல?"

"இங்க யாருய்யா தங்கறா?"

"நான்தான்," என்றார்.

தங்கியே விட்டார். அடக்கம் முடிந்ததும் நாங்கள் வழக்கம்போல காபி குடித்து, "தைரியமா இருங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். கனடாவிலிருந்து வந்த செக்ரட்டரியின் மகனும் லீவு முடிந்து போனான். ஐயர் மட்டும் கூடத்தில் விரித்த பாயைச் சுருட்டவில்லை. கார் பார்க்கிங்கில் கல்லைக் கூட்டி அந்த விறகிலேயே கஞ்சி காய்ச்சினார். அசோசியேஷன்காரர்கள் கத்திப் பார்த்து ஓய்ந்துபோனார்கள். ஆறுதல், பிரசங்கம் எதுவும் கிடையாதாம். சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாராம். செக்ரட்டரி அழுதால் அவரும் அழுவாராம்.

கமிட்டி கூடியது. செக்ரட்டரி எழுந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஐயர் இருக்கட்டும்." தீர்மானம் எழுதிய காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "அந்த வீட்டுல நான் தனியாப் படுத்திருந்தா செத்தே போயிருப்பேன்யா."

அடுத்த ஞாயிறு அதைவிடப் பெரிய அதிர்ச்சி. காணிக்கை நேரத்தில் செக்ரட்டரி எழுந்து ஆடிக்கொண்டே போனார். அழுதுகொண்டும்தான்.

போன வருஷம் ஐயர் ஓய்வு பெற்றார். "வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு ஜாம்பியாவுக்கே கிளம்பிப் போய்விட்டார். இப்போதெல்லாம் யாராவது காலிங் பெல்லை அழுத்தினால் எனக்கு எரிச்சலாக வருகிறது. கேட்டுக்கு வெளியே யாராவது கை தட்ட மாட்டார்களா என்று இருக்கிறது.