வேல் கவ்விய இரண்டு ரூபாய்

2008-ஆம் ஆண்டின் கடைசி. அமெரிக்காக்காரன் பனியன் வாங்குவதைக் குறைத்தான்; திருப்பூரில் கம்பெனிகள் அரை ஷிப்டுக்கு இறங்கின. ஏன் இப்படி என்று பெரிய பெரிய படிப்பாளிகள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். சாமளாபுரத்திலிருந்து வந்த தண்டாயுதபாணிச் சாமியாரோ ஒரே மூச்சில் கண்டுபிடித்துவிட்டார். புதிதாக வந்த இரண்டு ரூபாய்க் காசுதான் காரணமாம்!

"பழைய காசுல நாட்டுப் படம் இருந்துச்சு, நாடு நல்லா இருந்துச்சு. இதுல பாருங்க, பிரிஞ்ச ரெண்டு விரலு! இது நுழையற ஊடு ரெண்டாகும், கம்பெனி ரெண்டாகும்!"

ஆதாரம் வேண்டாமா? வெள்ளிப் பூச்சு மின்னும் வேலாயுதத்தைக் காசுகளின் மேல் நீட்டுவார். பழைய காசு அசையாது. புதுக் காசு துள்ளிப் போய் வேலில் ஒட்டிக்கொள்ளும். "பீடைய முருகன் புடிச்சுட்டான்!" கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். இரண்டு பீடைக் காசு கொடுத்தால் சுத்தமான பழைய காசு ஒன்று கிடைக்கும். பீடையெல்லாம் கொமரலிங்கத்து அமராவதி ஆற்றில் கரைக்கப்படும். கம்பெனி பாதிச் சம்பளம் கொடுத்தது. அதையும் பாதியாக்கிக்கொள்ள ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்றது ஜனம்.

வயிறு எரிந்தது டீக்கடை மாரக்காளுக்குத்தான். பேங்கில் கொடுத்த சில்லறை முழுக்கப் புதுக் காசு. மீதி கொடுத்தால் யாரும் தொடுவதில்லை. காஸ்காரனும் அந்தக் காசுக்குக் கையை விரித்துவிட்டான். இருக்கிற சிலிண்டர் தீர்ந்தால் கடைக்குப் பூட்டுதான்.

"நாளைக்கி வேற காசு குடுங்கக்கா. எம்பட பொழப்பே ஆட்டத்துல இருக்குது" என்றான் பனியன் கம்பெனி டெய்லர் கருப்புசாமி.

"ஏங்கண்ணு, குழந்தைங்க சண்டை தீந்து பழம்னு சேர்றப்ப ரெண்டு விரலத்தான காட்டுதுங்க? அதுங்க ஊடெல்லாம் ரெண்டாயிருச்சா?"

கருப்புசாமி டீ டம்ளரை வைத்தான். வரிசையில் இடம் போய்விடும் என்று ஓடினான்.

காசு மாற்றுவதற்கு நடுவில் சாமியாருக்குப் பசி. எதிரிலிருந்த மாரக்காள் கடையில் வேலாயுதத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வடை கேட்டார். அவள் வடைக் கம்பியை அந்தப் பக்கம் வைத்தாளோ இல்லையோ, டக்கென்று போய் வேலில் ஒட்டிக்கொண்டது. சாமியார் அவசரமாகப் பிடுங்கி எறிந்தார். மாரக்காளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கல்லாவை மூடிவிட்டு அவர் பின்னாலேயே கூட்டத்துக்குப் போனாள்.

"சாமி, எனக்கும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று வளையலில் கோத்திருந்த ஊக்குகளைக் கழற்றி வேலுக்கு முன்னால் நீட்டினாள். அத்தனையும் பாய்ந்து ஒட்டின.

"ஏனுங்க சாமி, ஊக்குலயும் ரெண்டு விரலு போட்டிருக்குதுங்களா?"

கூட்டம் எட்டிப் பார்த்தது. மாரக்காள் திரும்பினாள். "கருப்புசாமி, மிஷின்ல ஊசி ஒடைஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"எல்லாத் துண்டும் கெடைச்சாத்தானுங்க வேற ஊசி தருவாங்க. தரையில காந்தத்த ஓட்டிப் பொறுக்குவ..." கருப்புசாமியின் கண் வேலில் போய் நின்றது.

தினமும் காந்தம் பிடிக்கிற கைகள்தான் அங்கே கூப்பி நின்ற அத்தனையும். பட்டையும் சந்தனமும் பூசியதும் காந்தம் கடவுளாகிவிட்டது!

"காந்தமில்லே, சக்தி!" என்று உறுமினார் சாமியார். "தீண்டாதே!"

"சக்தியே சொல்லட்டுங்க சாமி" என்று மாரக்காள் வேலைப் பிடுங்கினாள். சாமியாரின் காவித் துணிப்பையின் பக்கம் கொண்டுபோனாள். வேல் பையைக் கவ்விப் பிடித்தது. ஒரு உதறு உதறினாள். ஆற்றில் கரைந்த பீடையெல்லாம் கலகலவென்று தரையில் கொட்டியது.

சாமியார் செருப்பைக்கூட எடுக்கவில்லை. பல்லடம் பஸ்ஸில் தொற்றிக்கொண்டார்.

அவரவர் காசைப் பொறுக்கிக்கொண்டார்கள். முதல் ஆளாக அதே இரண்டு ரூபாயை நீட்டி டீ கேட்டவன் கருப்புசாமி. குடித்து முடித்ததும் மெதுவாகக் கேட்டான்: "அக்கா, அந்த முருகன் வேல எங்கூட்டுச் சாமி ரூம்புல வெச்சுக்கட்டுங்களா?"

மாரக்காளுக்குக் கோபம் தலைக்கேறியது.

"மிஷினுக்கு அடியில வெச்சுக்க கண்ணு, ஊசி பொறுக்க ஆகும். ஊசி மொனை காணாமப் போனா வேலைய நிறுத்திப் போட்டுத் தேடறீங்க. புத்தி காணாமப் போனா மட்டும் ஏனுங்க ஒருத்தரும் தேடறதில்ல?"