தேர் நாளன்று சக்ரவர்த்தி மோடத்தோடு பொருதது

வேட்டியை மடித்துக் கட்டிய வீரனை, ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலையொன்றின் கணக்குப் பிரிவைக் காக்கும் காவலனை, தொண்ணூற்றெட்டில் ஆறு மாதக் கணினிப் பயிற்சி முடித்து, அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டுப் பெருமாள் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிய சான்றோனை, எவர் வீட்டுக் கணினி எந்த நோயில் விழுந்தாலும் ‘ஃபார்மட் பண்ணிடலாம்’ என்ற ஒரே மருந்தை ஓதும் மருத்துவனை, சின்னக் காஞ்சிபுரத்துச் சக்ரவர்த்தியைப் பாடத் தொடங்குகிறோம். நாக்கு கூசுகிறது. ஆனாலும் பாடத்தான் வேண்டும்.

அவன் கண்ட களங்கள் பல. எதிர்வீட்டுப் பூவராகவனின் பிரிண்டர் வேலைநிறுத்தம் செய்தபோது, அழைக்காமலே சென்று, கணினியைத் துடைத்து வெள்ளையாக்கி, அவர் மகனின் கல்யாணப் புகைப்படங்கள் அத்தனையையும் வீரசுவர்க்கம் அனுப்பிவிட்டுத் திரும்பினான். பிரிண்டரில் காகிதம் இல்லை என்பது பிறகு தெரிந்தது. பூவராகவன் அன்றுமுதல் கணினி இருக்கும் அறையைப் பூட்டிவைத்தார்.

இரண்டாயிரத்தெட்டு வைகாசி. வரதருக்குத் தேர். தேர் பார்க்கவென்றே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் எழுந்தருளியிருந்த சக்ரவர்த்தி, காலைக் காபிக்குப் பின் மோடத்தைப் பார்த்தான். சித்திரையில் வாங்கிய பிராட்பேண்ட். எந்நாளும் நிலைத்து ஒளிரும் பச்சை விளக்கு அன்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதைத் தன்னை நோக்கிய ஏளனமாகவே எடுத்துக்கொண்டான்.

அன்று மாலை ஆறு மணிக்கு அவன் மனைவி சூடாமணிக்கு முதல் வகுப்பு. நியூஜெர்சியில் இருக்கும் ஒரு சிறுமிக்குக் கணினி வழியே பாசுரம் பாடக் கற்றுத்தர வேண்டும். சிறுமியின் தாய் ஒருமுறை கேட்டுப் பார்ப்பாள். பிடித்தால் அங்கேயே இன்னும் நாலு குழந்தைகள் சேரும். பிடிக்காவிட்டால் மைலாப்பூரில் வேறொரு ஆசிரியை தயாராக இருந்தாள். பள்ளி வேலையை விட்டதிலிருந்து சூடாமணி ஒன்றுக்காகக் காத்திருந்தாள் என்றால் அது இதுதான்.

அவள் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தாள். சத்தமே இல்லை.

“ஏன்னா, ஃபோனே செத்துக் கெடக்கறது. தேருக்காகக் கம்பிய எறக்கியிருப்பா. வருஷா வருஷம் பண்றதுதானே. தேர் நிலைக்கு வந்தா மாட்டிடுவா.”

அவர்கள் வீட்டுக்கு வரும் கம்பி தேர்வீதியைக் குறுக்கே கடந்து வருகிறது. தேரின் உச்சி அதைவிட உயரம். இதைப் புரிந்துகொள்ளச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் சான்றிதழ் உள்ளவன் மாவீரன் அல்லவா? மீசையில்லாத மேலுதட்டை முறுக்க முயன்று, அவன் அருளிச்செய்தான்:

“தேர் தரையில ஓடறது. இன்டர்நெட் சேட்டிலைட்லேர்ந்து வர்றது. நோக்கு இதெல்லாம் புரியாது.”

வடம் பிடிக்கக் கிளம்பியவள் வாசற்படியில் நின்று, “நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாம இருங்கோ. அது போறும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

தொடாமல் இருப்பதா? படை கண்ட யானை போலவும், பந்தி கண்ட பசிக்காரன் போலவும் பாய்ந்தான் சக்ரவர்த்தி. மோடத்தை அணைத்தான், போட்டான். மீண்டும் அணைத்தான், மீண்டும் போட்டான். கம்பியை உருவி அதன் நுனியில் புல்லாங்குழல் வித்வானைப் போல் ஊதினான். பின்புறம் ஒரு சிறு துளை தென்பட்டது. மனைவியின் ஊக்கை வேலாக நீட்டி அதனுள் செலுத்தி, விடாது அழுத்தினான். இணைப்புக் கொடுத்தவர்கள் மோடத்துக்குள் பதித்துவைத்திருந்த பெயரும் கடவுச்சொல்லும் அக்கணமே மாண்டன. விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

தவில் முழங்கியது. வீதியில் ஆயிரம் கைகள் ஒரு வடத்தை இழுத்தன. சந்துக்குள் ஒருவன், கேட்பார் எவருமின்றி, முரசறைவான் போல் பிரகடனம் செய்தான்: “வைரஸ். வேரோட பிடுங்கணும்.”

உறையிலிருந்து வாளை உருவுவதுபோல் விண்டோஸ் சிடியை உருவினான். எல்லாம் அழிந்துபோகும், சம்மதமா என்று அந்த இயந்திரமே கேட்டது. பூவராகவனுக்குக் கிடைக்காத மரியாதை அது. சம்மதம் என்று அழுத்தினான். நீலத் திரையில் மஞ்சள் பட்டை, வெளியே தேர் அசைவதுபோலவே, அசைந்து அசைந்து நகர்ந்தது. தேர் பார்க்க விடுப்பெடுத்தவன் அதைத்தான் பார்த்தான்.

பிற்பகலில் விண்டோஸ் புத்தம் புதிதாக எழுந்து நின்றது. ஊமையாகவும் குருடாகவும் நின்றது. ஒலிக்கும் கேமராவுக்கும் உரிய ‘டிரைவர்’ மென்பொருள்கள் கடைக்காரர் கொடுத்த இன்னொரு சிடியில் இருந்தன. அந்தச் சிடி எங்கே? புறாக்களை விரட்டச் சிறந்த உபாயம் என்று பங்குனியில் அவனே அறிவித்து, நூலில் கோத்து, மொட்டைமாடியில் தொங்கவிட்டிருந்தான். மூச்சிரைக்க ஏறி அறுத்துக்கொண்டு வந்தான். இரண்டு மாத வெயிலில் வெளுத்து, புறாக்களின் அபிப்பிராயத்தையும் தாங்கியிருந்த அந்தச் சக்கராயுதத்தைக் கணினி வாங்கிச் சுழற்றிப் பார்த்துவிட்டுத் துப்பியது.

தேர் நிலைக்கு வந்தது. கம்பியை மாட்டினார்கள். விளக்கு தானாகவே நிலைத்து, பச்சையாய் எரிந்தது. நாள் முழுக்க அவன் செய்த எதுவும் அதற்குக் காரணமில்லை.

கையெல்லாம் வடத்தின் நார் ஒட்டியிருக்கத் திரும்பிய சூடாமணி, விளக்கைப் பார்த்து முகம் மலர்ந்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். அவளுடைய பாட்டுப் பதிவுகள் எதுவும் அங்கே இல்லை.

“என்ன பண்ணினேள்?”

“க்ளீன் பண்ணியிருக்கேன். இப்போ புதுசு மாதிரி ஓடும்.”

“பேசினா அவாளுக்குக் கேக்குமா?”

“கேக்காது.”

“நான் அவாளுக்குத் தெரிவேனா?”

“அதுக்கு டிரைவர் போடணும். நெட்டுலேர்ந்து இறக்கிடலாம்.”

“நெட் வர்றதா?”

மாவீரன் மோடத்தைப் பார்த்தான். திரையில் அது கடவுச்சொல் கேட்டது.

சூடாமணி முகம் கழுவி, புடவை மாற்றி, சுருதிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பிராட்பேண்ட் உள்ள எதிர்வீட்டுக்கு நடந்தாள். பின்னாலேயே, தோற்றும் துவளாத சக்ரவர்த்தி, சிடியை இடுப்பில் செருகிக்கொண்டு படியேறினான். பூவராகவன் அறையின் பூட்டைத் திறந்தார். இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“நீ மட்டும் வாம்மா” என்றார்.

கதவு சாத்திய ஓசையும், உள்ளே தாழ்ப்பாள் விழுந்த ஓசையும் சந்து முழுக்கக் கேட்டன. சற்று நேரத்தில் ஜன்னல் வழியே சூடாமணி ஒரு வரி பாடுவதும், கடல் கடந்து ஒரு குழந்தை அதைத் தப்பும் தவறுமாகத் திருப்பிப் பாடுவதும், சூடாமணி சிரிப்பதும் கேட்டன. களம் பல கண்டவன், ஃபார்மட்டாயுதன், புறாக்களும் மதியாத சக்கரத்தை ஏந்திய சக்ரவர்த்தி, சந்தின் நடுவில் நின்றான்.

பிறகு வீட்டுக்கு வந்து, மத்தியானச் சாதத்தில் மோரை விட்டுச் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவி வைத்தான்.