பதினொன்றாம் நம்பருக்குப் பிடித்த பீடை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தச் சலவைக்கடை வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால், ஊரில் இத்தனை அழுக்குத் துணியா என்று மலைத்துப் போவீர்கள். ஒருவர் கையிலும் துணி கிடையாது. எல்லார் கையிலும் செல்போன். எல்லார் கண்ணும் மாடிப்படியில். மாடியில் ரேங்க் சாமி இருந்தார்.

அந்தப் பெயர் அவராக வைத்துக்கொண்டதல்லவாம், பக்தர்கள் வைத்ததாம். பெயர்ப்பலகையை மட்டும் அவரே முன்கூட்டி எழுதி வைத்திருந்தார். வெள்ளை டிராக் சூட். கழுத்தில் டென்னிஸ் பந்துகளைத் துளைத்துக் கோத்த மாலை. கையில் ஒரு பழைய மர ராக்கெட். வந்தவர் தலையில் அதனால் ஒரு தட்டு. நரம்புப் பக்கம் பட்டால் அருள், கட்டை பட்டால் கூடுதல் அருள். வீங்கிய மண்டையைத் தடவிக்கொண்டே பரவசப்பட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

"நாளைக்குப் பாருங்க. எட்டாம் நம்பர் விழுவான். ராக்கெட்டைத் தொட மாட்டான், களத்துல இறங்க மாட்டான், ஆனா விழுவான்!"

திங்கட்கிழமை உலக டென்னிஸ் தரவரிசை வெளியாகும். எட்டாம் நம்பர் பதினைந்தாம் நம்பராகக் கிடப்பார். மனிதர் அந்த வாரம் முழுக்க வீட்டில் உட்கார்ந்து முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்திருப்பார். தோற்காமலே ஒருவன் விழுகிறான் என்றால், அது கிரகத்தின் வேலை இல்லாமல் வேறு யார் வேலை? இப்படித்தான் கேட்டோம். ஆமாம், நானும்தான் கேட்டேன். என் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. "கண்ணாடியப் பாரு, பின்னாடி பாரு" என்று நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துகிறவன், சாமி முன்னால் மட்டும் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு நின்றேன்.

கிரகத்துக்கும் டென்னிசுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்றால், செல்போனில் நடக்கிற அந்தக் கற்பனை டென்னிஸ் போட்டி. நாம் ஓட வேண்டாம், வியர்க்க வேண்டாம். வாரா வாரம் நிஜ ஆட்டக்காரர்கள் ஆறு பேரைப் பொறுக்கி ஒரு அணி அமைக்க வேண்டும். அவர்கள் எங்கேயோ ஜெயித்தால் இங்கே நமக்கு மதிப்பெண். ரேங்க் மேலே இருப்பவர் விலை அதிகம், கீழே இருப்பவர் மலிவு. செலவழிக்கக் கற்பனைப் பணம் கொஞ்சம் தருவார்கள். நிஜப் பணம் சாமியின் உண்டியலுக்கு.

சாமி சொன்னபடி அணி அமைத்தவர்கள் எந்த இடத்தில் இருந்தோம் என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்கு முடிவெட்டுகிற அண்ணன் நாலாயிரத்துச் சொச்சமாவது இடம். அவரை அண்ணாந்து பார்க்கிற இடத்தில் நான். "உங்க நம்பிக்கை பத்தல" என்றார் சாமி. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் அதிகமாக நம்பினோம், இன்னும் கொஞ்சம் கீழே போனோம்.

இந்த அளவில் நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். மச்சானை நான்தான் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அக்காவின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். முப்பது மாடி உயரத்தில் ஒற்றைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பதறாமல் வேலை பார்க்கிறவர், மகள் விஷயத்தில் மட்டும் தொட்டாற்சுருங்கி. மகள் பதினாறு வயது டென்னிஸ்காரி. இளையோர் தரவரிசையில் பதினாலாவது இடத்தில் இருந்தவள், கணுக்கால் பிசகி மூன்று மாதம் படுத்தாள். எழுந்து பார்த்தால் நாற்பத்தொன்று.

"ஒரு மேட்ச்கூட தோக்கலயே சாமி, எப்படி விழுந்தா?" என்று கேட்டார் மச்சான்.

சாமி கண்ணை மூடினார். மாலையில் ஒரு பந்தை உருட்டினார். "பீடை. ராக்கெட்ல உக்காந்திருக்கு. வர்ற டோர்னமென்ட்ல இறங்கினா நூறைத் தாண்டி விழுவா. ஏழு வாரம் களத்துப் பக்கமே போகக் கூடாது. ராக்கெட்டுங்க இங்க இருக்கட்டும், பரிகாரம் பண்ணணும்."

மச்சான் அன்றைக்கே இரண்டு ராக்கெட்டையும் கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டார். வீட்டில் பெண் அழவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அக்கா மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். சனிக்கிழமை மதியம் நான் கடைக்குப் போனபோது, அலமாரியிலிருந்து காலாவதியான மாத்திரை அட்டைகளைப் பொறுக்கி ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். மாதா மாதம் செய்கிற வேலை. என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையிலேயே பாதி உயிர் போய்விட்டது.

"உங்க சாமி விழுவான்னு சொன்னவங்க பேரெல்லாம் சொல்லுடா."

சொன்னேன். போனில் ஒவ்வொருவராகத் தேடினாள். "இந்த எட்டாம் நம்பர் விழுந்தானே, போன வருஷம் அதே வாரம் என்ன பண்ணான்?"

"பெரிய கோப்பை ஜெயிச்சான்."

"அதுக்கு முன்னாடி விழுந்தவன்?"

"அவன்... அவனும் ஃபைனல் வரைக்கும் போனான்க்கா."

அக்கா கையிலிருந்த மாத்திரை அட்டையைப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பித் தேதியைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். வாடிக்கையாளர் ஒருவர் இருமல் மருந்து கேட்டு நின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கொடுக்காமல் சிரித்தாள்.

மறுநாள் ஞாயிறு. டோர்னமென்ட் பெயர்ப்பதிவு பகல் பன்னிரண்டு மணிக்கு மூடிவிடும். நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். பத்து மணிக்கு அக்கா மகளையும் மச்சானையும் இழுத்துக்கொண்டு சாமியின் மாடியில் நின்றாள். உட்கார இடமில்லை. சாமி உச்சஸ்தாயியில் இருந்தார்.

"பதினொன்றாம் நம்பருக்குப் பீடை பிடிச்சாச்சு! நாளைக்கு விழுவான்! அவனை யாரும் அணியில சேர்க்காதீங்க!"

கூட்டம் "ஆகா" என்றது. அக்கா கைதூக்கினாள்.

"சாமி, எத்தனாவது இடத்துக்கு விழுவார்?"

"தாயே, கீழே விழுவான். ஆழம் அவன் கர்மத்தைப் பொறுத்தது."

"நான் காலையிலயே எழுதி முடிவெட்டற அண்ணன்கிட்ட கொடுத்திருக்கேன். அண்ணே, படிங்க."

முடிவெட்டுகிற அண்ணன் எழுந்து மடித்த சீட்டைப் பிரித்தார். "பதினொன்னு, பத்தொன்பதுக்குப் போகும். இன்னைக்கு ஃபைனல் முடிவைப் பொறுத்து இருபதாகவும் ஆகலாம். இருபத்தாறு, நாப்பதுக்குப் போகும். முப்பத்திமூணு..." இப்படி ஐந்து பேர். படித்து முடித்ததும் அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? நெடுஞ்சாண்கிடையாக அக்கா காலில் விழுந்தார். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். "தாயே, எங்க அணியைக் கொஞ்சம் பாருங்க!"

"எழுந்திரிங்கண்ணே, கால் கூசுது!" என்று அக்கா குதித்துத் தள்ளி நின்றாள். "அருளும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஜெயிச்ச புள்ளிக்கு ஆயுசு அம்பத்திரண்டு வாரம்தான். எங்க கடை மாத்திரை மாதிரி, தேதி முடிஞ்சா எடுத்துப் போட்டுடுவாங்க. பதினொன்றாம் நம்பர்கிட்ட இருக்கறது மூவாயிரத்து நானூறு புள்ளி. அதுல ஆயிரம், போன வருஷம் இதே வாரம் கோப்பை ஜெயிச்சு வந்தது. இந்த வருஷம் கால் வலியால இந்த வாரம் ஆடல. நாளைக்கு அந்த ஆயிரம் காலாவதி. மிச்சம் ரெண்டாயிரத்து நானூறு. அந்தக் கணக்குக்கு எத்தனாவது இடம்னு பட்டியலைப் பார்த்தா தெரிஞ்சுபோகுது. என் போன்லயே இருக்கு."

"அப்ப அவனை அணியில சேர்க்கலாமா கூடாதா?" என்றார் ஒருவர். கவலை அவருக்கு.

"அவர் கால் சரியாகி அடுத்த வாரம் இறங்கறார். புள்ளிதான் காலாவதி, ஆட்டம் இல்ல. நாளைக்கு விலை குறையும். அப்ப வாங்காம எப்ப வாங்குவீங்க? ரேங்க்ங்கறது ஒரு வருஷமா என்ன செஞ்சார்னு சொல்றது. இன்னைக்கு எப்படி ஆடுவார்னு சொல்றது இல்ல."

சாமி லேசில் விடுகிறவரா? மர ராக்கெட்டைத் தூக்கினார். "அம்மா, நீ கூட்டல் கழித்தல் பார்க்கறே. நான் மனுஷனுக்குள்ள பார்க்கறேன். பேரைத் தொட்டாலே பீடை எனக்குத் தெரியும்!"

"அதைத்தான் கேக்க வந்தேன்" என்று அக்கா கைப்பையிலிருந்து ஒட்டிய கவர் மூன்று எடுத்தாள். "ஒவ்வொண்ணுலயும் ஒரு பேர். பிரிக்க வேண்டாம், தொட்டுச் சொல்லுங்க."

நூறு பேர் பார்க்கிறார்கள். மறுக்க முடியாது. சாமி முதல் கவரை ராக்கெட்டால் தொட்டார். உடம்பு சிலிர்த்தது. "ஆகா! பொன்னொளி! மூணு மாசத்துல உச்சிக்குப் போற ஜாதகம்!" இரண்டாவதைத் தொட்டார். முகம் கோணியது. "ஐயோ, பெரும் பீடை! இவன் தொட்டது துலங்காது. ஏழு வாரம் தொழிலையே விட்டு ஒதுங்கியிருக்கணும்." மூன்றாவது. "இது... நல்லதும் கெட்டதும் கலந்தது. பெண் ஆட்டக்காரி."

"பிரிங்கண்ணே" என்றாள் அக்கா.

அண்ணன் முதல் கவரைக் கிழித்தார். படித்தார். திருப்பிப் பார்த்தார். "ரேங்க் சாமி" என்றார்.

இரண்டாவது. "ரேங்க் சாமி."

மூன்றாவதைக் கிழிக்கும்போதே கூட்டம் சத்தமாகச் சொல்லிவிட்டது.

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. "சாமி, ஏழு வாரம் கடைய மூடுங்க!" என்று ஒரு குரல். "அது சரி, பெண் ஆட்டக்காரி எப்ப ஆனீங்க?" என்று இன்னொன்று. சாமி மட்டும் சிரிக்கவில்லை. என் மச்சானும் சிரிக்கவில்லை. அவர் நேராகத் திரைக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போனார். ராக்கெட் இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். கூடவே மேசையில் கிடந்த ஒரு காகிதக் கட்டையும். தரவரிசைப் பட்டியலின் அச்சுப் பிரதி. 'அடுத்த வாரம் கழியும் புள்ளிகள்' என்று ஒரு பத்தி. அதில் பதினொன்றாம் நம்பருக்கு நேரே சிவப்பு மையில் வட்டம்.

"இதுதான் உங்க கிரகமா?" என்று கேட்டார் மச்சான். மச்சான் அக்காவிடம் திரும்பினார். "நம்ம பொண்ணுக்கு எவ்வளவு கழியுது?"

"போன வருஷம் இதே டோர்னமென்ட்ல அவ செமி ஃபைனல் ஆடினாளே, மறந்துட்டீங்களா? இப்ப அவகிட்ட இருக்கற புள்ளியில பாதி அதுல வந்ததுதான். இன்னைக்குக் கையெழுத்துப் போடலன்னா அது மொத்தமும் போச்சு. நூறைத் தாண்டிடுவா. சாமி சொன்ன நூறு, இறங்காமலே பலிக்கும். 'நல்ல வேளை, இறங்கியிருந்தா இருநூறுக்குப் போயிருப்பா'ன்னு அதுக்கும் உண்டியலை நீட்டுவார்."

மச்சான் மகளைப் பார்த்தார். "பயந்துட்டேன்மா. உனக்கு நல்லது பண்றதா நினைச்சு உன் கையைக் கட்டிப்போட்டுட்டேன்."

"அப்பா, மணி பதினொன்னே முக்கால்" என்றாள் அவள். ராக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கி ஓடினாள். பிசகிய கணுக்காலா அது என்று எனக்கே சந்தேகம் வந்தது.

காரை நான்தான் ஓட்டினேன். பதினொன்று ஐம்பத்தேழுக்குக் கையெழுத்துப் போட்டாள். இரண்டு சுற்று ஜெயித்தாள், காலிறுதியில் நன்றாக ஆடித் தோற்றாள். அடுத்த பட்டியலில் நாற்பத்தொன்று நாற்பத்தெட்டு ஆனது. மச்சான் அதற்கு முந்தின நாளே காகிதத்தில் போட்டுப் பார்த்து "நாப்பத்தெட்டு" என்று சொல்லியிருந்தார். சரியாக வந்ததில் மனிதருக்கு ஜெயித்த மாதிரி சந்தோஷம்.

ரேங்க் சாமி ஊரைவிட்டுப் போய்விட்டார். கவலைப்படாதீர்கள், வேறெங்கோ இதற்குள் பலகை மாட்டியிருப்பார். உங்கள் தெருவாகவும் இருக்கலாம். ரேங்க் இல்லையென்றால் வேலை, கல்யாணம், பரீட்சை என்று ஏதாவது ஒன்றைப் பிடித்திருப்பார். நீங்கள் வரிசையில் நிற்பதற்கு முன்னால் ஒரே பெயரை மூன்று கவரில் போட்டு ஒட்டிக்கொண்டு போங்கள். கவர் வாங்கத்தான் கொஞ்சம் சில்லறை ஆகும். யோசிப்பதற்கு அதுவும் ஆகாது, ஆனாலும் அதில்தான் நமக்கு எத்தனை சிக்கனம்!