பூஜ்யமாகிப்போன மெஷினைப் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், அங்கே உன் உடம்புக்கு ஒன்றுமில்லையே? திங்கட்கிழமை அந்தக் கம்பெனியில் நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போடப் போகிறாய் என்று சித்தி சொன்னாள். அதற்குள் இது கிடைக்க வேண்டுமே என்று அவசரமாக எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், நிதானமாக எழுதினாலும் இருக்கும்.

விஷயம் நம் பெட்டிப் பட்டறையில் இருந்த அந்த அட்டை வெட்டும் மெஷின்தான். தேய்மானத்துக்கு நீ சொன்னது, மீதி நிற்கிற மதிப்பில் வருஷா வருஷம் ஒரு பங்கைக் கழிக்கிற முறை. முதலில் நிறையக் கழியும், போகப் போகக் குறையும், ஆனால் முழுசாகத் தீராது. நான் பிடித்த பிடி நேர்கோட்டு முறை. எல்லா வருஷமும் ஒரே தொகை, என் படிப்புக்கு அதுதான் தாங்கும். அப்படிக் கழித்துக் கழித்து மெஷின் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. பூஜ்யத்துக்குப் போய் யாராவது எண்ணெய் விடுவார்களா என்று பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டேன். "பூஜ்யம் ஆனது கணக்குலதான்ப்பா, மெஷின் நல்லாத்தான் ஓடுது" என்றாய். "நீ படிச்சது போதும், போய் பில்லைப் போடு" என்றேன், அத்தனை ஆட்கள் முன்னால். யாராவது சிரிப்பார்கள் என்று சுற்றிலும் பார்த்தேன். ஃபோர்மேன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

இரும்புக்காரர் அதை உடைக்கவில்லையம்மா. துடைத்து, பெல்ட் மாற்றி, பின்தெருப் பெட்டிக்காரருக்கு விற்றுவிட்டார். சாப்பிட உட்கார்ந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் அது வெட்டுகிற சத்தம் கேட்கிறது. ஃபோர்மேன், கட்டிக்கொடுத்த பெண்ணை விசாரிக்கிற மாதிரி சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னிக்குக் கொஞ்சம் இருமுது முதலாளி, சரியா கவனிக்கல போல" என்று வந்து சொல்கிறார். எனக்குச் சோறு இறங்குவதில்லை. நான் வாங்கிப்போட்ட புது மெஷின் வெட்டுகிற பெட்டி மூடினால் திறக்கவில்லை, திறந்தால் மூடவில்லை. அதைப் பார்க்க வரும் மெக்கானிக் நம் வீட்டிலேயே துண்டு வைத்திருக்கிறார்.

என் முறைப்படி பார்த்தால் இன்னும் கொஞ்ச நாளில் நானும் பூஜ்யம்தான். உன் முறையில்தான் எனக்கும் ஏதோ மிச்சம் நிற்கும். மன்னித்துவிடு கண்ணு. மெஷின் போனதற்காகக் கேட்கவில்லை. எல்லார் முன்னாலும் உன்னைச் சின்னதாக்கினேனே, அதற்காகக் கேட்கிறேன். இனி எல்லா மெஷினுக்கும் உன் முறைதான், நான் வாயைத் திறக்கமாட்டேன். கையெழுத்துப் போடாமல் வந்துவிடு.

நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கணக்கு தெரியாத அப்பா

பின்குறிப்பு: உன் முறையில் புது மெஷினுக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் வருஷமே இவ்வளவு கழிந்தால் லாபம் எங்கே தெரியும், பேங்க் மேனேஜர் முகத்தில் எப்படி விழிப்பது? இந்த ஒரு வருஷம் மட்டும் என் முறையே இருக்கட்டும். அம்மா இதை எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தப் பின்குறிப்பைக் கிழிச்சுட்டு அனுப்புங்க, இல்லேன்னா அவ வரமாட்டா" என்கிறாள். கிழிக்கலாம் என்றுதான் தாளைத் திருப்பினேன். மன்னிப்புக் கேட்ட இடம் சரியாக அதன் பின்பக்கத்தில் இருக்கிறது.